கண்ணீர் வராத ஆராதனை

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"ஐயா, எனக்கு 51 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் வராது. பேச்சும் சரியாக இல்லை. ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு மட்டும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி துணைக்கு இருக்கிறாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். பதினாறு வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். முன்பெல்லாம் பாடும்போதே கண் கலங்கிவிடும். இப்போது ஒன்றுமே இல்லை. வாய் பாடுகிறது, மனம் வீட்டில் இருக்கிறது. போன மாதம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருவர், முழு இருதயத்தோடு ஆராதித்தால் கண்ணீர் வரும், வராவிட்டால் நீ வெதுவெதுப்பானவள், கர்த்தர் உன்னை வாந்திபண்ணிப்போடுவார் என்றார். அன்றிலிருந்து கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது. என் தங்கை, 'எங்கள் சபைக்கு வா, முழு இரவு ஜெபத்தில் உட்கார், லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாற்பது நாளும் உபவாசம் எடு' என்கிறாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். நான் செய்வது ஆராதனையா, நடிப்பா? ஈஸ்டரோடு பாடகர் குழுவை விட்டுவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கடிதம் லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. லவோதிக்கேயா பணக்கார ஊர். கறுப்புக் கம்பளி வியாபாரம், பணப் பரிமாற்றம் என்று செழித்த இடம். கி.பி. 60-ல் பூகம்பம் வந்து ஊர் இடிந்தபோது, ரோம அரசின் உதவி இல்லாமலே சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது என்று ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். யாருடைய கையையும் எதிர்பார்க்காத அந்த ஊரின் குணம் சபைக்குள்ளும் வந்துவிட்டது. அதனால்தான் வாந்திபண்ணிப்போடுவேன் என்று 16-ஆம் வசனத்தில் சொன்ன ஆண்டவர், அடுத்த வசனத்திலேயே காரணத்தையும் சொல்கிறார்: "நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும்" நீ சொல்லுகிறாய் என்கிறார்.

எனக்கு ஒரு குறைவுமில்லை என்று நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசிய பேச்சு அது. உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி இருப்பது குறை. என்னிடம் ஒன்றுமே இல்லையே, ஆண்டவருக்குக் கொடுக்க ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே என்று தவிக்கிறீர்கள். லவோதிக்கேயாவுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறவர் நீங்கள். அந்த வசனத்தை எடுத்து உங்கள் தலையில் போட்டது தவறு. அதை வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாரம் சுமக்கிற பெண்கள் நிறைந்த கூட்டத்தில்தான் இந்த மாதிரிப் பிரசங்கம் அடிக்கடி வருகிறது, அது அவர்களைத்தான் நொறுக்குகிறது. உண்மையிலேயே வெதுவெதுப்பாக இருக்கிறவன் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறான்.

சரி, அப்படியானால் முழு இருதயம் என்பது எது?

மாற்கு 12-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேம் தேவாலயத்தில் ஒரு வேதபாரகன் வந்து பிரதான கற்பனை, அதாவது முதன்மையான கட்டளை, எது என்று கேட்கிறான். முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும், முழுப் பலத்தோடும் தேவனிடத்தில் அன்புகூரவேண்டும் என்று இயேசு பதில் சொல்கிறார். அதே அதிகாரம் முடிகிற இடத்தில், அதே தேவாலயத்தில், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஐசுவரியவான்கள் நிறையப் போடுகிறார்கள். ஒரு ஏழை விதவை வந்து இரண்டு காசைப் போடுகிறாள். அவர் சீஷர்களைக் கூப்பிட்டு, இவள்தான் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்கிறார். தனக்கு இருந்ததெல்லாம் போட்டுவிட்டாள் என்பது அவர் சொன்ன காரணம்.

'முழு' என்ற கட்டளைக்கு அந்த அதிகாரத்திலேயே ஓர் ஆள் வந்து நின்று காட்டுகிறாள். அவள் அழுதாள் என்றோ பரவசப்பட்டாள் என்றோ மாற்கு எழுதவில்லை. வந்தாள், போட்டாள், அவ்வளவுதான். முழுமை என்பதை ஆண்டவர் அவளுக்கு இருந்ததை வைத்துத்தான் கணக்குப் பார்த்தார். உங்கள் முழுப் பலம் என்பது இன்றைக்கு உங்களிடம் இருக்கிற பலம். உங்கள் தங்கைக்கு இருக்கிற பலமோ, இருபத்தைந்து வயதில் உங்களுக்கு இருந்த பலமோ இந்தக் கணக்கில் வராது. ராத்திரி நான்கு தடவை எழுந்து ஓர் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, விடிந்ததும் அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஆராதனை மணிக்குள் ஓடி வந்து, ஆல்டோ வரிசையில் நிற்கிறீர்களே, அதற்குப் பிறகு உங்கள் கையில் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை. அப்படியானால் எல்லாவற்றையும் போட்டாயிற்று.

நடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கிறவர்களுக்காகச் செய்வது நடிப்பு. வராத கண்ணீரை வந்ததுபோல் காட்டியிருந்தால் அது நடிப்பு. ஒன்றும் தோன்றாதபோதும், யாரும் கவனிக்காத இரண்டாவது வரிசையில் நின்று, கடவுள் துதிக்கப்படத் தகுந்தவர் என்பதற்காகவே பாடுவது விசுவாசம். பாட்டு இனிக்கிறபோது பாடுவதில் நமக்கும் கொஞ்சம் சுகம் இருக்கிறது. இனிக்காதபோது பாடினால் அது முழுக்க அவருக்குப் போகிறது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் ஆராதனையில் பொறுமை.

பாடகர் குழுவில் இருக்கிற நீங்கள் கோராகின் புத்திரரைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அவர்கள் லேவியர், தேவாலயத்தில் பாடின குடும்பம். 42-ஆம் சங்கீதம் அவர்களுடையது. மான்கள் நீரோடையை வாஞ்சித்துக் கதறுவதை மட்டும் நாம் பாட்டாகப் பாடுகிறோம். நான்காம் வசனத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முன்னே நான் பண்டிகை ஆசரிக்கிற ஜனங்களோடுகூட நடந்து, களிப்பும் துதியுமான சத்தத்தோடே தேவாலயத்துக்குப் போய்வருவேனே என்று நினைத்து உள்ளம் உருகுகிறான். முன்பெல்லாம் பாடும்போதே கண் கலங்கிவிடும் என்று நீங்கள் எழுதினீர்களே, அதைத்தான் அவன் பாடுகிறான்.

88-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் கோராகின் புத்திரர் பெயர் இருக்கிறது. புலம்பல் சங்கீதங்கள் அநேகமாக எல்லாமே முடிவில் எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாத இந்தப் பாட்டை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. பாடகர் குழுவின் புத்தகத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இதில் நம்முடைய சபை மரபுக்கும் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலிக் கோயில்களுக்கு ஆங்கிலிகன் வழியாக வந்த பொது ஜெபப்புத்தகம், 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்து வைத்திருக்கிறது. 88-ஆம் சங்கீதம் 17-ஆம் தேதி காலைக்கு வரும். அன்றைக்கு உங்கள் வீட்டில் கல்யாணமாகவே இருந்தாலும் அதைத்தான் வாசிக்க வேண்டும். 30-ஆம் தேதி மாலை 147 முதல் 150 வரை, எல்லாமே அல்லேலூயா. அன்றைக்கு நீங்கள் உடைந்துபோய் இருந்தாலும் அதைத்தான் வாசிக்க வேண்டும். முதலில் கேட்கும்போது இயந்திரத்தனமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், 17-ஆம் தேதி சந்தோஷமாக இருக்கிறவன் துக்கத்தில் இருக்கிற உங்களுக்காகக் கதறுகிறான், 30-ஆம் தேதி துதிக்க முடியாத உங்களுக்காக வேறொருவன் துதிக்கிறான். ஆராதனை ஒரு சபை செய்யும் காரியம், தனி ஆளின் மனநிலையை நம்பி அது நடப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தம் மடத்தாருக்கு வாரத்துக்குள் 150 சங்கீதமும் பாடி முடிக்க வேண்டும் என்று ஒழுங்கு எழுதியபோதும், உற்சாகம் இருந்தால் பாடுங்கள் என்று எழுதவில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். சொந்தமாக வார்த்தை தேடி ஜெபிப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். அந்தந்தத் தேதிக்குரிய சங்கீதங்களில் ஒன்றை மட்டும், உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசியுங்கள். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பழக்கமான பாட்டும் மனப்பாட வசனமும் நாவில் வரும். பக்கவாத நோயாளிகளிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்கிறார். அப்புறம், கோயிலில் மனம் வீட்டுக்கு ஓடும்போது அதோடு சண்டை போடாதீர்கள். 'ஆண்டவரே, அவரைப் பார்த்துக்கொள்ளும்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாட்டுக்குத் திரும்புங்கள். பத்து தடவை ஓடினால் பத்து தடவையும் அப்படியே. அந்தப் பத்தும் ஜெபம்தான்.

அன்னை தெரசா 1997-ல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து அவருடைய ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் வெளியாயின. கல்கத்தாவில் தம் சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய கடைசிவரை, சிறிய இடைவெளி தவிர, கடவுளின் அருகாமையை அவர் உணரவே இல்லை என்பது அவற்றில் தெரிந்தது. உலகம் திடுக்கிட்டது. அத்தனை ஆண்டும் விடிகாலைத் திருப்பலிக்குப் போனார், மண்டியிட்டார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கடிதங்களைத் தெரிந்துகொண்டேதான் 2016-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. உங்கள் வறட்சியும் அதே வகை என்று நான் சொல்லவரவில்லை. உணர்ச்சியின் அளவை வைத்து ஒருவருடைய அன்பை அளக்க முடியாது என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் படுவது வேறு. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், சகோதரி.

1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது. அவ்வளவு பெரிய ஆராதனை நடத்தினவன் சாவைக் கேட்கிறான். அதற்குக் கடவுள் பிரசங்கம் பண்ணவில்லை, அவிசுவாசம் என்று கடியவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துத் தூங்கினான். இரண்டாம் தடவையும் எழுப்பி, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்றான். பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். நீங்களும் முதலில் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். இதை ஆவிக்குரிய ஆலோசனையாகவே சொல்கிறேன்.

படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்வார்கள். அதை மூன்று வருடம் ஓர் ஆளே இரவும் பகலும் செய்ய முடியாது. காற்று மெத்தை இல்லாவிட்டால் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அது வந்த பிறகு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். இதுவரை பதிவு செய்யவில்லையென்றால் இந்த வாரமே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் நேராகக் கேட்கிறேன். ஆராதனையில் மட்டும்தான் ஒன்றும் தோன்றவில்லையா, அல்லது எதிலுமே தோன்றவில்லையா? பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தாலும், மகன் போன் செய்தாலும், பிடித்ததைச் சமைத்தாலும் மனம் மரத்தே கிடக்கிறதா? தூக்கமும் பசியும் கெட்டு, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாக இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. செத்துவிட்டால் தேவலை என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

யாத்திராகமம் 17-ல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில், உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் ஒரு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவன் கைகள் நிலையாக இருந்தன என்று வேதம் சொல்வது, தாங்கின கைகளையும் சேர்த்துத்தான். உங்களுக்கு அந்தக் கல் எங்கே, அந்த இரண்டு பேர் எங்கே என்றுதான் உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குக் கேட்கத் தோன்றியது. உங்கள் ஆயரிடம் போய், எனக்கு முடியவில்லை ஐயா என்று சொல்லுங்கள். சங்கத்துப் பெண்களில் இரண்டு பேர் வாரத்தில் ஒரு மத்தியானம் வந்து உங்கள் கணவரோடு உட்காரட்டும், நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். ஒரு சபை இதைச் செய்யாவிட்டால் வேறு என்ன செய்வதற்காக இருக்கிறது? மகனிடமும் பணம் அனுப்பினால் போதாது என்று சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அவன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். தெரியும். கேளுங்கள்.

ஆயரிடம் போகும்போது, வீட்டுக்கு வந்து உங்கள் கணவருக்குத் திருவிருந்து கொடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் ஆராதிக்கிறவர்தானே. உங்கள் மாவட்டத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். எழுதியதும் ஜெபித்ததும் அந்தப் படுக்கையிலிருந்துதான். அந்த அறையை யாரும் ஆராதனைக்கு வெளியே இருந்த இடமாக நினைக்கவில்லை. உங்கள் வீட்டு அறையையும் அப்படி நினைக்க வேண்டாம்.

தங்கை சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், அந்தச் சபையில் அவர்களுக்கு நன்மை கிடைத்திருக்கும். ஆனாலும் முழு இரவு ஜெபம் இப்போது உங்களுக்கு வேண்டாம். உங்களுக்குத்தான் தினமும் முழு இரவு நடக்கிறதே. சபை மாறுவதையும் களைப்பாக இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள்.

நாற்பது நாள் உபவாசம் கூடவே கூடாது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அவரைத் தூக்கும்போது விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஏசாயா 58-ல் கர்த்தர் தமக்கு உகந்த உபவாசத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" என்று முடிக்கிறார், அதாவது சொந்த உறவை விட்டு ஒதுங்காமல் இருப்பதும். அந்த உபவாசத்தை மூன்று வருடமாகக் கடைப்பிடிக்கிறீர்கள். லெந்து நாட்களில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

பாடகர் குழுவை விடவேண்டாம். குழுத் தலைவரிடம் நிலைமையைச் சொல்லி, ஈஸ்டருக்கான எல்லாப் பாட்டுக்கும் வராமல் ஒன்றோ இரண்டோ மட்டும் பாட அனுமதி கேளுங்கள். ஒத்திகைக்கு வாரம் ஒருமுறை போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பீர்கள். சில ஞாயிறு வரவே முடியாமல் போகும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த ஞாயிறு போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.